தோலுக்குப் பதில் ஒரு தழும்பு: மேற்கைச் சத்திரசிகிச்சையின் கதை

பழைய மாணவியர் ஒன்றுகூடல்களில் மேடைப் பேச்சுகள் முடிந்து எல்லோரும் தேநீருக்கு எழும்பும் நேரத்தில்தான் வைத்தியர்களாகிய எமக்கு உண்மையான கேள்விகள் வந்து சேருகின்றன. முன்பு அவை பெரும்பாலும் நீரிழிவு, முழங்கால் நோ, அம்மாவின் கண்புரை பற்றியனவாக இருந்தன. அண்மைக் காலத்தில் இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. வலைப்பந்தாட்டத்தில் எம்மோடு ஓடி விளையாடிய ஒருத்தி, சீலைச் சட்டையின் கையை முழங்கைப் பக்கம் இழுத்து விட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள்: "இந்தக் கைத் தொங்கலை வெட்டி எடுக்கலாமாம். தழும்பே தெரியாதாம். உண்மையோ?"

முதற் பாதி உண்மை. இரண்டாம் பாதி உண்மையன்று. ஏன் அன்று என்பதை விளக்க, இந்தச் சத்திரசிகிச்சை வந்த வழியைச் சொல்லவேண்டும். இதன் வயதும் எமது சங்கத்தின் வயதும் ஏறத்தாழ ஒன்றே. எனவே நூற்றாண்டு மலரில் இக்கதைக்கு ஓர் இடம் பொருந்தும் என்று எண்ணினோம்.

இரணம் என்ற சொல்

1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர் என்பதை நாம் அறிவோம். சத்திரசிகிச்சை பற்றிய ஆங்கில நூலொன்று தமிழாக்கப்பட்டபோது அதற்கு இடப்பட்ட பெயர் 'இரண வைத்தியம்'. இரணம் என்றால் புண், காயம். இன்று நாம் வழங்கும் சத்திரசிகிச்சை என்ற சொல் கருவியை நினைவூட்டுகிறது. பழைய சொல்லோ அக்கருவி விட்டுச் செல்லும் காயத்தை நினைவூட்டுகிறது. இக்கட்டுரை முழுவதற்கும் பழைய சொல்லே பொருத்தமானது.

தோலின் மேற்படையில் மட்டும் ஏற்படும் கீறல் தழும்பின்றி ஆறிவிடும். காயம் உட்படையைத் தாண்டிவிட்டால், உடல் அவ்விடத்தில் பழைய தோலை மீண்டும் உண்டாக்குவதில்லை. கொலாஜன் நார்களைக் கொண்டு ஒட்டுப் போடுகிறது. அந்த ஒட்டே தழும்பு. அதன் வலிமை மாதக்கணக்காகக் கூடி வந்தாலும், முந்திய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 வீதத்தைத் தாண்டுவதில்லை. மேற்கையில் தோலை அகற்றும் எந்தச் சத்திரசிகிச்சையும் உட்படையைக் கடந்தே செய்யப்படுகிறது. ஆகவே தழும்பில்லாமல் தோலை அகற்றுவது உடலின் இயல்பிலேயே இல்லாத ஒன்று. சத்திரசிகிச்சையாளரின் கையில் இருப்பவை மூன்றுதான்: தழும்பு எங்கே விழவேண்டும், எவ்வளவு நீளமாக விழவேண்டும், அதன்மேல் எவ்வளவு இழுவை இருக்கவேண்டும். நூறாண்டு வரலாறும் இந்த மூன்றைப் பற்றியதே.

தோலில் ஓடும் கோடுகள்

1830களில் பிரான்சின் புகழ்பெற்ற சத்திரசிகிச்சையாளர் டுப்பியூத்ரென், உருண்டை முனையுள்ள கருவியால் தன்னைத் தானே குத்திக்கொண்ட ஒருவரின் உடலைப் பார்த்தார். குத்திய முனை உருண்டையாயிருந்தும் காயங்கள் வட்டமாக இல்லை. நீண்டு ஒடுங்கிய பிளவுகளாக இருந்தன. தோல் எல்லாத் திசைகளிலும் சமமாக இழுபட்டிருப்பதில்லை என்பதற்கு அது சான்றாயிற்று. 1861 இல் வியன்னாவைச் சேர்ந்த உடற்கூற்றியலாளர் கார்ல் லாங்கர், இறந்த உடல்களில் உருண்டை முனையால் நூற்றுக்கணக்கான துளைகளிட்டு, அவை எத்திசையில் நீள்கின்றன என்று வரைந்தார். அக்கோடுகள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன.

பிற்காலத்தவர்கள் இறந்த உடலை விட்டு உயிருள்ள தோலைப் பார்த்தார்கள். தசைகளைத் தளர்த்தி, தோலை விரல்களாற் கிள்ளும்போது இலகுவாக மடியும் திசையை போர்ஹெஸ், அலெக்சாண்டர் என்ற இருவர் 1962 இல் விளக்கினர். கைத்தறித் துணிக்கு இழை ஓடும் திசை உண்டு என்பது தையல் வகுப்பில் நாம் கற்றதுதான். தோலும் அவ்வாறே. அத்திசையிலே வெட்டினால் காயம் அமைதியாக ஆறும். குறுக்கே வெட்டினால் இரு விளிம்புகளும் ஒன்றையொன்று விட்டு விலகவே இழுபடும்; தழும்பு அகலும், தடிக்கும்.

மேற்கையின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கையைக் கிள்ளிப் பார்த்தால் மடிப்புகள் பெரும்பாலும் கையைச் சுற்றி, வளையல் போடும் திசையிலேயே விழும். தொங்கும் தோலோ அக்குளிலிருந்து முழங்கை வரை நீளவாக்கில் இருக்கிறது. அதை அகற்ற வேண்டுமானால் நீளவாக்கிலேதான் வெட்டவேண்டும். இழைக்குக் குறுக்கே வெட்டும் தையற்காரியின் நிலைதான். வயிற்றில் செய்யும் இதே வகைச் சத்திரசிகிச்சையில் தழும்பு உள்ளாடையின் கீழ் மறையும். கையில் அப்படியொரு மறைவிடம் இல்லை. இதனால் அழகியற் சத்திரசிகிச்சைகளுள் தழும்பு பற்றிய மனக்குறை மிகுதியாக எழுவனவற்றில் இதுவும் ஒன்று.

சிக்காகோவிலிருந்து புவனஸ் அயர்ஸ் வரை

1920களில் மேல்நாட்டுப் பெண்களின் உடையிலிருந்து சட்டைக்கை மறையத் தொடங்கியது. அதற்கடுத்த சில ஆண்டுகளில், 1930 இல், ஹங்கேரியிற் பிறந்து சிக்காகோவில் தொழில் புரிந்த மக்ஸ் தோரெக் என்ற சத்திரசிகிச்சையாளர், பெண்களின் தொங்கும் மார்பு, வயிறு, கைகள் ஆகியவற்றின் சத்திரசிகிச்சை பற்றி இலினோய் மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். மேற்கைத் தோலைக் கொழுப்புடன் சேர்த்து அகற்றுவது பற்றிய ஆரம்பப் பதிவுகளுள் அது ஒன்று. 1954 இல் ஆர்ஜென்ரீனாவைச் சேர்ந்த கொரேயா இத்துராஸ்பே, பெர்னாண்டஸ் ஆகிய இருவர் இச்சிகிச்சையைத் தனியொரு முறையாக விவரித்தனர். இன்று நாம் செய்யும் சிகிச்சையின் முன்னோடி என்று பலரும் குறிப்பிடுவது அவர்களுடைய கட்டுரையையே.

அக்கால முறை எளிமையானது. கையின் உட்புறத்தில் மீன் வடிவில் தோலைக் குறித்து, கொழுப்புடன் அகற்றி, இரு விளிம்புகளையும் இழுத்துத் தைப்பார்கள். இதில் மூன்று குறைகள் தென்பட்டன. தோல் மட்டுமே முழு இழுவையையும் தாங்கியதால் தழும்பு அகன்றது. மேல்முனையில் தோல் தளர்ந்து தழும்பு மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. மூன்றாவது குறைதான் கடுமையானது. அக்குளின் குறுக்காக நேர்கோட்டில் சென்ற தழும்பு, காலப்போக்கில் கயிறு போலச் சுருங்கிக் கையை உயர்த்தவிடாமல் தடுத்தது.

தீக்காயம் கற்பித்த பாடம்

நேர்கோட்டுத் தழும்பு சுருங்கும் என்பதை அழகியற் சத்திரசிகிச்சைக்கு முன்னரே தீக்காயச் சிகிச்சை அறிந்திருந்தது. அக்குளில் எரிகாயம் ஆறிய பிள்ளையின் கை, விலாவோடு ஒட்டினாற்போல நின்றுவிடுவதைக் கண்ட எவரும் அதை மறக்கமாட்டார். அதற்கான தீர்வு 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டறியப்பட்டது. நேர்கோட்டை ஆங்கில 'இசட்' எழுத்தின் வடிவுக்கு மாற்றி, இரு முக்கோணத் தோல் மடல்களை இடம் மாற்றித் தைத்தால், இழுவையின் திசை மாறும், தழும்பின் நீளம் கூடும், மூட்டு விடுபடும்.

1970களில் இந்த அறிவு மேற்கைச் சிகிச்சைக்குள் முழுமையாக வந்தது. பிரேசில் நாட்டின் இவோ பிற்றாங்கி 1975 இல், கையின் உட்புறத்தையும் அதனோடு தொடரும் மார்பின் பக்கத்தையும் ஒன்றாகத் திருத்தும் முறையை விவரித்தார். 1979 இல் ஆர்ஜென்ரீனாவின் ஹூரி சகோதரர்கள், அக்குளில் தழும்பை 'ரி' எழுத்து வடிவில் முடிக்கும் முறையை வெளியிட்டனர். அக்குளை நேராகக் கடக்காதே என்பதே இவை எல்லாவற்றுக்கும் பொதுவான விதி.

பிற்றாங்கியைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்லவேண்டும். 1961 டிசம்பரில் றியோவுக்கு அருகிலுள்ள நித்தெரோய் நகரில் சர்க்கஸ் கூடாரம் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர், அவர்களுட் பெருந்தொகையான சிறுவர்கள், மாண்டனர். தப்பியவர்களுக்குச் சிகிச்சை அளித்தவர்களில் அவர் முன்னணியில் நின்றார். செல்வந்தரின் முகங்களைத் திருத்திப் புகழ்பெற்ற அதே கைகள், றியோவின் சாந்தா காசா வைத்தியசாலையில் ஏழைகளுக்கும் இலவசமாகச் சிகிச்சை செய்தன. அழகியற் சத்திரசிகிச்சை வீண் ஆடம்பரம் என்று சிலர் முகம் சுளிக்கும்போது நாம் இதை நினைத்துக்கொள்வதுண்டு. தழும்பைக் குறைக்கும் அறிவின் பெரும்பகுதி எரிந்த உடல்களைத் திருத்தும்போது பெற்றது.

இழுவையை உள்ளே மாற்றுதல்

அடுத்த பெரிய திருப்பம் அமெரிக்காவின் கன்சாஸில் நிகழ்ந்தது. ரெட் லொக்வூட் என்ற சத்திரசிகிச்சையாளர், தோலுக்கும் தசைக்கும் இடையே கொழுப்பினூடாகப் பரந்திருக்கும் மெல்லிய இணைப்பிழையத்தை ஆராய்ந்து 1991 இல் விவரித்தார். 1995 இல் அதே அறிவை மேற்கைக்குப் பயன்படுத்தினார். கை தொங்குவது தோல் நீண்டதனால் மட்டுமன்று. உள்ளிருக்கும் அந்த இணைப்பிழையம் அக்குளில் கொண்டுள்ள பிடி, வயதினாலும் எடை ஏறி இறங்குவதனாலும் தளர்ந்துவிடுகிறது. எனவே அந்த இழையத்தை அக்குளின் உறுதியான சவ்வுடன் பிணைத்துத் தைத்தால் பாரம் அங்கே தங்கும். மேலே தோல் இழுவையின்றிப் பொருந்தும். இழுவை குறைந்த தோலில் தழும்பு மெலிதாக ஆறும்.

சீலைக்கு 'போல்' அடிக்கும்போது கரையின் பாரத்தை எது தாங்குகிறது என்று யோசித்தால் இது விளங்கும். வெளியே தெரியும் தையல் அழகுக்கு. பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் தையல். 1970களிலிருந்து கிடைக்கத் தொடங்கிய, உடலுக்குள்ளேயே மெல்லக் கரையும் செயற்கை நூல்கள் இதற்குப் பேருதவியாயின. மேற்றோலில் தையற் புள்ளிகள் விழாமல், உட்படைகளில் மட்டும் தைத்து முடிக்க அவை வழி செய்தன.

இதே காலத்தில் கொழுப்பை உறிஞ்சி அகற்றும் முறையும் வளர்ந்தது. 1970களின் பிற்பகுதியில் பிரான்சின் இல்லூஸ் அதனைப் பரப்பினார். 1987 இல் கலிபோர்னியாவின் தோல்நோய் வைத்தியர் கிளைன், ஐதாக்கிய மரக்கச் செய்யும் மருந்தைப் பெருமளவில் ஏற்றிச் செய்யும் முறையை வெளியிட்டபின் இரத்த இழப்பு வெகுவாகக் குறைந்தது. தோல் இறுக்கமாகவும் கொழுப்பு மட்டும் மிகையாகவும் உள்ள இளவயதினருக்கு, சில மில்லிமீற்றர்த் துளைகள் போதும். 'தழும்பே இல்லை' என்ற விளம்பரம் பிறந்த இடம் இதுதான். அது இந்த ஒரு கூட்டத்தாருக்கு ஓரளவு பொருந்தும். தோல் தளர்ந்தவருக்கு இதை மட்டும் செய்தால், காற்றுப் போன பலூன் போல முன்னரிலும் கூடுதலாகத் தொங்கும்.

குறுகிய வெட்டும் அதன் எல்லையும்

தளர்ச்சி அக்குளை அண்டிய மேற்பகுதியில் மட்டும் இருப்பவர்களுக்கு, அக்குள் மடிப்புக்குள்ளேயே மறையும் குறுகிய வெட்டுப் போதுமானது. முழங்கை வரை தொங்குபவர்களுக்கு முழு நீள வெட்டுத்தான் வழி. இரைப்பைச் சத்திரசிகிச்சையால் பெருமளவு எடை குறைத்தவர்களின் தொகை கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் உலகெங்கும் பெருகியபின், முழங்கை தொடக்கம் மார்பின் பக்கம் வரை நீளும் வெட்டுகளும் வழக்கமாயின. குறுகிய வெட்டை விரும்புவது இயல்பு. தளர்ச்சிக்குப் போதாத வெட்டைத் தேர்ந்தால் தழும்பும் மிஞ்சும், தொங்கலும் மிஞ்சும்.

நீள வெட்டை எங்கே வைப்பது என்பதில் இன்றும் இரு கட்சிகள் உண்டு. கையின் உட்புறத்தில், முன்தசைக்கும் பின்தசைக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் வைத்தால், கையைத் தொங்கவிட்டிருக்கும்போது தெரியாது, உயர்த்தினால் தெரியும். பின்புறமாக வைத்தால் முன்னால் நிற்பவருக்குத் தெரியாது, கண்ணாடியில் நமக்கும் தெரியாது. பின்னால் அமர்ந்திருப்பவருக்குத் தெரியும். நாளாந்தம் கரும்பலகையில் எழுதும் ஆசிரியைக்கும், மேடையில் கைகளை உயர்த்தி ஆடும் நடன ஆசிரியைக்கும் விடை ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. அதைச் சத்திரசிகிச்சைக்கு முன் பேசித் தீர்க்கவேண்டும்.

தழும்பின் இடத்தைத் தீர்மானிப்பதில் நரம்புக்கும் பங்குண்டு. முன்கையின் உட்புறத் தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு, முழங்கையின் உட்புற எலும்பு முனைக்குச் சராசரியாக 14 சென்ரிமீற்றர் மேலே ஆழ்சவ்வைத் துளைத்து மேலே வருகிறது என்று 2006 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அவ்விடத்தில் ஆழமாக வெட்டினால் முன்கை மரத்துப்போகலாம், நோவும் நிலைக்கலாம். நரம்பை அடுத்து நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டவர்கள், அந்தக் கையில் இச்சிகிச்சையை நினைக்குமுன் தம் புற்றுநோய் வைத்தியரிடம் கட்டாயம் கேட்கவேண்டும். கை நிரந்தரமாக வீங்கும் ஆபத்து உண்டு.

எமது தோல், எமது தழும்பு

நூல்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலுக்குரியவை. எம்மைப் போன்ற கருநிறத் தோலில் தழும்பு கறுப்பதும் தடிப்பதும் கூடுதல். காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து நிற்கும் தழும்பு ஒரு வகை. எல்லையைத் தாண்டிப் பரவும் 'கீலோயிட்' இன்னொரு வகை. இரண்டாவதற்கு அப்பெயரின் மூல வடிவத்தை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இட்டவர் பிரான்சின் அலிபேர். அது வெளியே விடும் கிளைகள் அவருக்கு நண்டின் கால்களை நினைவூட்டினவாம்.

இதில் எமக்கு ஒரு வாய்ப்பு உண்டு. இலங்கையிற் பிறந்த எம்மிற் பெரும்பாலோரின் இடது மேற்கையில் பி.சி.ஜி. தடுப்பூசியின் தழும்பு இருக்கிறது. காது குத்திய தழும்பும் இருக்கிறது. அவை தட்டையாக ஆறியிருந்தால் ஓரளவு ஆறுதல். முழு உத்தரவாதம் அன்று. அவற்றில் ஏதேனும் தடித்து, பருத்து, கடித்துக்கொண்டிருந்தால், மேற்கையில் நீண்ட வெட்டைப் பற்றி மறுபடி யோசிக்கவேண்டும். சத்திரசிகிச்சையாளர் கேட்காவிட்டாலும் அதை நாமாகவே காட்டவேண்டும்.

தையல் முடிந்தபின் தழும்பைப் பார்ப்பது நோயாளியின் பங்கு. முதற் சில வாரங்களுக்குக் கையை விரித்து உயர்த்தி இழுக்கக்கூடாது. அழுத்தமான கையுறையைச் சொன்ன காலம் வரை அணியவேண்டும். காயம் முற்றாக மூடியபின் சிலிக்கோன் தகடோ களிம்போ இரண்டு மூன்று மாதமாவது இடவேண்டும். சிலிக்கோனின் பயனும் தீக்காயப் பிரிவிலிருந்தே வந்தது; அவுஸ்திரேலிய வைத்தியர்கள் 1980களின் தொடக்கத்தில் அதனை எழுதினார்கள். வெயில் படாமற் காப்பது எம்மைப் போன்ற தோலுக்கு இரட்டிப்பு முக்கியம். புகைப்பவர் சிகிச்சைக்குப் பல வாரங்கள் முன்னரே நிறுத்தவேண்டும். மூன்றாம் மாதத்தில் தழும்பு சிவந்து தடித்து மிக மோசமாகத் தோன்றும். அதைக் கண்டு கலங்கவேண்டாம். அது முதிர்ந்து அடங்க ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு செல்லும்.

யாரிடமிருந்து மறைக்கிறோம்?

வடக்கிலும் கிழக்கிலும் 1980களிலும் 90களிலும் வளர்ந்த எம்மிற் பலருக்குத் தழும்பு என்ற சொல் சத்திரசிகிச்சை நூலுக்கு வெளியேயும் பொருளுடையது. எறிகணைச் சிதறல் பட்ட கைகளோடு எம்முடன் ஒரே வாங்கில் இருந்து பரீட்சை எழுதியவர்கள் உண்டு. கையிலிருந்த தழும்பு எப்படி வந்தது என்று வழியில் மறித்தவர்களுக்கு விளக்கம் சொல்லவேண்டியிருந்த நாட்களும் உண்டு. அவர்களிற் சிலர் வெப்பமான நாளிலும் நீளக்கைச் சட்டை அணிகிறார்கள். பழைய தழும்பைத் திருத்த முடியுமா என்று கேட்பவர்களிடமும் நாம் சொல்வது இதே வரலாற்றைத்தான்: திசையை மாற்றலாம், இழுவையைக் குறைக்கலாம், தடிப்பைத் தணிக்கலாம். இல்லாமற் செய்ய முடியாது.

தேநீர் வேளையில் கேட்ட தோழிக்கும் அதே விடைதான். இச்சிகிச்சை ஒரு மாற்று வியாபாரம். தொங்கும் தோலைக் கொடுத்து ஒரு நீண்ட கோட்டை வாங்குகிறோம். உரசிப் புண்ணாகும் தோல், சட்டை தைக்க முடியாத கை, எடை குறைத்தும் தன் உடல் தன்னுடையதாகத் தோன்றாத துயரம் ஆகியவை உள்ளவர்களுக்கு அது நல்ல வியாபாரமாகவே அமைகிறது. நிறைவோடு திரும்பியவர்களைக் கண்டிருக்கிறோம். தொங்கலை மறைக்க நீளக்கை போட்டவர், பின்னர் தழும்பை மறைக்க நீளக்கை போடுவாரானால், பணமும் நோவும் வீண். ஆகவே ஒப்புதற் கையெழுத்துக்கு முன் ஒரு நாள் கண்ணாடி முன் நின்று, அக்குளிலிருந்து முழங்கை வரை கண்மையால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அந்தக் கோட்டுடன் குட்டைக்கைச் சட்டை போட்டு வெளியே போக மனம் வருகிறதா என்று உங்களையே கேளுங்கள்.

வெளிநாடுகளில் வாழும் எமது சகோதரிகள் பலர், விடுமுறையோடு விடுமுறையாக, மலிவாகக் கிடைக்கும் நாட்டில் இதனைச் செய்துகொண்டு இரு வாரத்தில் வேலைக்குத் திரும்ப எண்ணுகிறார்கள். செய்பவர் யார், அவர் பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சையில் முறையாகப் பயின்றவரா, தழும்பை எங்கே வைப்பார், அவருடைய நோயாளிகளின் ஓராண்டு கழிந்த படங்கள் உண்டா, காயம் பிரிந்தால் ஊர் திரும்பியபின் யார் பார்ப்பார் என்று கேளுங்கள். தழும்பே வராது என்று சொல்பவரிடம் மட்டும் போகாதீர்கள். தோரெக்கின் காலம் முதல் இன்று வரை எவராலும் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை.

அடுத்த ஒன்றுகூடலிலும் தேநீர் வேளையில் கேளுங்கள். குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை.